நட்டவர் வாசலில் ஒரு புங்கங்கன்று

சேர்மன் வேலாயுதப்பெருமாள் வாய் நிறைய பற்பசை நுரையோடு வாசலுக்கு வந்தபோது, முந்தின நாள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சூழல் விழாவில் அவர் தன் கையால் நட்டு, பூவாளியால் நாலு சொட்டுத் தெளித்து, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு வந்த புங்கங்கன்று, கறுப்பு பிளாஸ்டிக் கவரைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கவரின் ஓட்டைகள் வழியாக எட்டிப் பார்த்த வேர்களில் பஸ் ஸ்டாண்டு எண்ணெயும் கோழிக்கடைச் சிறகு ஒன்றும் ஒட்டியிருந்ததால், அது நடந்தேதான் வந்திருக்கிறது என்பதில் நொச்சிக்குறிச்சியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வந்தது என்பதிலும் வரவில்லை. முத்துப்பேச்சி கூப்பிட்டிருந்தாள், அது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு முத்துப்பேச்சியின் தொண்டைக்குள் ஊர் மொத்தமும் குடியிருந்தது. டவுன் பஸ் கண்டக்டரின் 'உள்ள போ, உள்ள போ'வும், தலைமையாசிரியர் ஞானதிரவியம் சார் பேசுவதற்கு முன்னால் செருமுகிற செருமலும், பால்காரரின் டி.வி.எஸ். வண்டி மேட்டில் ஏறும்போது முக்குகிற முக்கலும், பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் பிடிவாதமும் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன; வாயைத் திறந்தால் யார் முதலில் வெளியே குதிப்பார்கள் என்று அவளுக்கே தெரியாது. விழா அன்று, சேர்மன் தலைமையாசிரியர் அறையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மைக்செட் லூர்து வயரைத் தேடிக் குனிந்த இடைவெளியில், அவள் மைக்கைப் பிடித்து, சேர்மனுக்கே உரிய மூக்கடைப்போடு முழங்கினாள்.

"நான் நட்ட மரங்களெல்லாம் என் பிள்ளைகள்! பிள்ளைகளே, எப்பம் தாகமெடுத்தாலும் வாங்க! நட்டவன் வீட்டுக் கதவு நட்ட மரத்துக்கு என்னைக்கும் தொறந்திருக்கும்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அறைக்குள்ளிருந்த சேர்மனே, நாம் எப்போது பேசினோம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டார். அதை உண்மையென்று எடுத்துக்கொண்டது அந்தக் கன்று மட்டும்தான்.

சேர்மன் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். கன்று குடித்தது, இலையை உதறியது, திரும்பி நடந்தது. அவர் உடனே ஆளனுப்பி, மதியத்துக்குள் மார்க்கெட் முக்கில் 'மரமே தேடி வந்த மாமனிதர்' என்று பிளெக்ஸ் கட்டினார். கயிற்றின் கடைசி முடிச்சுப் போடும்போது தகவல் வந்தது: கன்று இப்போது எதிர்க்கட்சி சங்கிலிப்பாண்டி வீட்டு வாசலில் நிற்கிறது.

இங்கே நொச்சிக்குறிச்சியின் நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைக்செட், பந்தல், நாற்காலி, ஜமுக்காளம் ஆகியவற்றோடு மரக்கன்றையும் வாடகைக்கு விடுகிறவர் லூர்து. விழாவுக்கு விழா ஒரே கன்றுதான். கவரைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்குவார்கள், மேலே மண்ணைத் தூவுவார்கள், போட்டோ எடுத்ததும் காதைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கி, தட்டி, நாற்காலிகளோடு வண்டியில் ஏற்றுவார்கள். கவரைக் கிழித்தால் கன்று வளர்ந்துவிடும், வளர்ந்தால் அடுத்த விழாவுக்கு ஆகாது என்பது லூர்துவின் தொழில் சுத்தம். ஆகவே சேர்மன் நட்ட கன்றும், சங்கிலிப்பாண்டி தன் தலைவர் பிறந்தநாளுக்கு நட்ட கன்றும், பேங்க் மேனேஜர் திறப்புவிழாவில் நட்டதும், தாலுகா ஆபீஸில் நட்டதும், சர்ச்சில் பங்குச் சாமியார் நட்டதும், கோயில் தர்மகர்த்தா நட்டதும், மண்டபத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பொண்ணும் கைகோத்து நட்டதும் இந்த ஒரே புங்கைதான். அது எல்லாரையும் ஞாபகம் வைத்திருந்தது. நட்டவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. எந்த நட்டவர் என்று சொல்லவில்லை. அதனால் அது ஒவ்வொருவரிடமும் போனது, ஒரு வாய் குடித்தது, அடுத்தவர் நினைவு வந்து கிளம்பியது, போய்க்கொண்டே இருந்தது.

ஊர் அதற்கு ஏற்ற மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டது. பேங்கில் அது வரிசையில் நின்றது, பின்னால் நின்றவர்கள் "ஓய், செடிக்குப் பெறகுதான் நீரு" என்று முண்டியவரை அடக்கினார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் லக்கேஜா ஆளா என்று கொஞ்ச நேரம் குழம்பி, பிறகு ஜன்னலோர சீட்டைக் காட்டினார். அந்தக் கன்றை நட்டுக் கல்யாணம் முடித்து, பிறகு சண்டை போட்டுப் பிரிந்து, ஆளுக்கொரு தெருவில் இருந்த ஒரு ஜோடிக்கு மத்தியில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அது முச்சந்தியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து சொம்போடு வந்தார்கள், ஒருவர் ஊற்றும்வரை மற்றவர் காத்திருந்தார், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போனார்கள். எதையுமே நட்டிராத வீட்டுப் பெண்கள்தான் மனசொடிந்து போனார்கள். "எங்க வாசலுக்கு மட்டும் வரலியே, நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?" என்று தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். அது கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனது.

முத்துப்பேச்சிக்கு ஆரம்பத்தில் தலைகால் புரியவில்லை. கன்றுக்குப் பின்னாலேயே போய், அது எந்த வீட்டில் நின்றதோ அந்த வீட்டுக்காரர் குரலிலேயே வரவேற்புரை கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிடப்பட்ட பிறகுதான் வாய் அடைத்தது.

ஞானதிரவியம் சார் செருமினார். அந்தச் செருமல் அச்சு அசலாக அவள் செருமுகிற மாதிரியே இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"சிரிக்காத. சேர்மன் காலையிலயிருந்து மூணாவது போன். அவரு குரல்ல பேசி அவரு மானத்த வாங்கிட்டியாம். அவரு வீட்டுக்கு வந்த செடி எதிர்க்கட்சி வீட்டுலயும் தண்ணி குடிச்சா ஊருல என்ன பேசுவாங்கிறாரு."

"சார், நான் வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுக்குத்தான் கூப்பிட்ட. அது நெசமாவே வந்துட்டு. இப்பம் நீயே நிக்கச் சொல்லு. திங்கக்கெழமை ப்ரேயர் பெல் அடிக்கதுக்குள்ள அது ஏதாவது ஒரு எடத்துல நிக்கணும். இல்லேன்னா டி.சி.ய எழுதி வாங்கிட்டுத்தான் போவேங்கிறாரு சேர்மன். நான் என்ன செய்ய முடியும் சொல்லு?"

வீட்டில் அம்மா பூரணம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பரணிலிருந்து இன்னொரு முறத்தை எடுத்து, தூசி தட்டி, தன் பக்கத்தில் வைத்தாள்.

"யம்மா, அது எதுக்கு?"

"ஒனக்குத்தான். பள்ளிக்கூடத்துல வெரட்டுனா வேற எங்க போவ? ஒக்காந்து எல வெட்டு. வாய் சும்மா கெடக்கும்லா, எல்லாக் கொரலும் பேசிக்கிட்டே வெட்டலாம்."

அந்த முறம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கண்ணை மூடினால் வட்டமாக வந்தது. கணக்குப் புத்தகத்தில் வட்டம் வரைந்தால் அதில் புகையிலைத் தூள் நெடி அடித்தது.

மறுநாளிலிருந்து அவள் கன்றை நிறுத்தப் புறப்பட்டாள். கூடவே அதே வகுப்பு உச்சிமாகாளியும், அவனுக்குப் பின்னால் அரை வகுப்பும் கிளம்பியது. சேர்மன் குரலில் "நில்!" என்றாள், அது நிற்கவில்லை. போலீஸ் ஏட்டு குரலில் அதட்டினாள். ஓரமாக ஒதுங்கி நடந்தது. கலெக்டர் டி.வி.யில் பேசுகிற மாதிரி நயமாகச் சொன்னாள், இலையைச் சிலுப்பியது.

"ஏட்டி, ஆடு மாதிரி கத்திப் பாரேன்" என்றான் உச்சிமாகாளி.

"ஏல, கூறு இருக்கா? செடிகிட்டப் போயி ஆடு மாதிரி கத்தச் சொல்லுத."

"எல்லாம் கத்திட்ட. அது ஒண்ணுதான் பாக்கி."

கத்தினாள். கன்று கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகைக்கடைக்குள் ஒரு வாசலில் புகுந்து மறு வாசலில் வெளியேறி, பஜார் முழுக்க ஓடிய ஓட்டத்தில் கீழே நாலைந்து இலைகள் உதிர்ந்து கிடந்தன. முத்துப்பேச்சி அவற்றைப் பொறுக்கினாள். ஓரமெல்லாம் மஞ்சள். பச்சையில் இருந்த பளபளப்பு போய், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்குப் பிறகு அவள் ஆடு மாதிரி கத்தவே இல்லை.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததைவிடக் கன்றுக்குப் பின்னால் நடந்து தெரிந்துகொண்டது அதிகம். வகுப்பில் பாதி ஆளில்லாததால் அறிவியல் டீச்சரும் வருகைப் பதிவேட்டோடு பின்னாலேயே வந்துவிட்டார். காலையில் ஊற்றின தண்ணீர் சாயங்காலம்வரை தாங்குவதையும், உச்சி வெயிலில் ஊற்றினது ஆவியாகப் போவதையும் பார்த்தார்கள். இலை தொங்கினால் தாகம், மஞ்சளானால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று கண்டுகொண்டார்கள். கவரைத் தொட்டுப் பார்த்து, உள்ளே மண்ணைவிட வேர் அதிகமாக இருப்பதை உணர்ந்தார்கள். கன்று எப்போதும் நிழலோரமாகவே நடக்கப் பார்ப்பதையும், நடக்க நிழலே இல்லாததால் கரண்டுக் கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருக்களித்து நிற்பதையும் பார்த்தபோது, இந்த ஊரில் மரமே இல்லை என்பது அவர்களுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அதுவரை அவர்கள் அதை வெயில் என்று மட்டும்தான் நினைத்திருந்தார்கள்.

"நிக்கச் சொன்னா எப்படி நிக்கும்? எதுல நிக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி திடீரென்று. "நமக்குக் காலு இருக்கு, தரையில நிக்கோம். அதுக்கு மண்ணு வேணும்லா?"

அன்று முழுக்க மண் தேடினார்கள். கன்றை நட்ட ஒவ்வொருவர் வீட்டிலும் கேட்டார்கள், தண்ணீர் தரத் தயங்காதவர்கள் எல்லாரும் மண் என்றதும் முகத்தை மாற்றினார்கள். பேங்க் மேனேஜர், "அந்த எடத்துலதான் கார் நிக்குது பாப்பா" என்றார். தர்மகர்த்தா, "கீழ செப்டிக் டேங்க் கெடக்கு தாயி" என்றார். சங்கிலிப்பாண்டி, "புங்க வேரு சொவத்தப் பொளந்துரும். அதும்போக சேர்மன் தொட்ட செடி" என்றார். இன்னொரு வீட்டில் இலைக் குப்பை விழும் என்றார்கள், அடுத்த வீட்டில் வாஸ்து என்றார்கள். முத்துப்பேச்சி ஒவ்வொரு பதிலையும் அவரவர் குரலிலேயே கன்றிடம் போய்ச் சொன்னாள். முதலில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலாவது ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, எல்லாக் குரலும் ஒரே குரல் மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

தெருவில் சிமெண்டு, முற்றத்தில் டைல்ஸ், பார்க்கில் கான்கிரீட் யானை. மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் ஏன் தேங்குகிறது என்பது உச்சிமாகாளிக்குக்கூடப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானமும் நாலைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சேர்மனின் அன்பளிப்பாகச் சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் போர்த்திக்கொண்டது. ஓரத்தில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு நின்றது. சுற்றுச்சூழல் விழாவுக்குக்கூட அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நாலு கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டி, போட்டோ முடிந்ததும் மூடிக் கல்லை அடுக்கிவிடுவதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கன்று தலைமையாசிரியர் வீட்டு மாடிப்படி ஏறியது. வேறு எவரையும்விட அதை அதிகத் தடவை நட்டவர் அவர்தான்; வருஷா வருஷம், ஒரே குழியில், ஒரே சிரிப்போடு. அவர் ஒரு சொம்பு ஊற்றினார். அது குடித்தது, ஆனால் திரும்பி இறங்கவில்லை. அதற்கு இறங்கத் தெம்பில்லை. சார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். காபி ஆறியது. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்னத்த இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிய?" என்றபோது, "இத நான் ஒரு தடவகூட நடலட்டி" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்தார். பின்னால் கன்று, விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து வந்தது. வாசலில் லூர்து தன் வாடகைச் சாமானைப் பிடித்துப் போகக் கோணிச்சாக்கோடு நின்றார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முத்துப்பேச்சி முதல் வரிசையில், ஒரு வாரமாகக் கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டையோடு நின்றாள்.

"சொல்லு" என்றார் சார். "பெல் அடிக்க இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. அத நிக்கச் சொல்லு."

"எங்க சார் நிக்கச் சொல்ல?"

சார் கல்வெட்டுப் பக்கம் திரும்பினார். மைதானத்தைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் யார் குரலிலும் பேசவில்லை. நேராகப் போய், சாமான் அறைக் கதவோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து வந்து, கல்வெட்டுக்கு முன்னால் முதல் கல்லை நெம்பினாள். கல் பெயர்ந்தது. அடுத்ததும் பெயர்ந்தது. டி.சி. இனி நிச்சயம் என்று அவளுக்குத் தெரிந்தது, வட்டமாக அந்த முறம் கண்ணில் வந்து நின்றது, அவள் நெம்பிக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, தள்ளு, ஒனக்கு நெம்பத் தெரியல" என்று உச்சிமாகாளி வந்தான். பிறகு வரிசை உடைந்தது. நாலு கல்லில் நிற்கவில்லை. கிடைத்த பிள்ளை கிடைத்த கல்லைத் தூக்க, கல்வெட்டுக்கு முன்னால் ஒரு வகுப்பறை அகலத்துக்கு மண் வெளியே வந்து மூச்சுவிட்டது. குழியை முழங்காலளவு தோண்டினார்கள். முத்துப்பேச்சி பிளேடால் கவரைக் கீறப் போனாள்.

"யாத்தே, கிழிச்சிராதட்டி! நாளைக்கு ஒரு வளைகாப்புக்குச் சொல்லியிருக்கு!" என்று லூர்து அலறினார். கீறிவிட்டாள். உள்ளே வேர்கள் கொசுவத்திச் சுருளாகச் சுற்றிச் சுற்றி, வெளியே போக வழி தெரியாமல் தங்களையே நெரித்துக்கொண்டு கிடந்தன. அதைப் பார்த்த லூர்து சாக்கைக் கீழே போட்டார். பிள்ளைகள் சிக்கல் விழுந்த தலைமுடியைப் பிரிப்பதுபோல விரலால் ஒவ்வொரு வேராகப் பிரித்து, குழிக்குள் விரித்துவிட்டு, மண்ணைத் தள்ளி அமுக்கினார்கள். பெல் அடித்தது. கன்று நின்றது.

சேர்மனின் கார் அப்போதுதான் வந்தது. அவர் சாய்ந்து கிடந்த தன் கல்வெட்டைப் பார்த்தார், கல்லும் கையுமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், கடப்பாரையோடு நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

"டி.சி.ய எழுதுங்க சார். இப்பமே எழுதுங்க. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

ஞானதிரவியம் சார் பேனாவைத் திறந்தார். அந்நேரம் சேர்மனின் கால்கள் திரும்பின. சேர்மன் திரும்பவில்லை, கால்கள் மட்டும்தான் திரும்பின; அவை அவரைக் குழாயடிக்குக் கொண்டுபோயின, வாளியை நிரப்ப நிறுத்தின, நிரம்பியதும் கன்றடிக்குக் கூட்டிவந்தன. அவர் ஊற்றினார். போகலாம் என்று பார்த்தார், கால் பெயரவில்லை. இத்தனை நாள் கன்று நடந்த நடையெல்லாம் இப்போது நட்டவர்கள் காலுக்கு இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத் தெருவில் பேங்க் மேனேஜர் டையோடு சொம்பும் கையுமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சங்கிலிப்பாண்டி குடத்தோடு. தர்மகர்த்தாவும் பங்குச் சாமியாரும் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. பிரிந்த ஜோடி இரண்டு பேரும் இரண்டு சந்திலிருந்து. வந்தார்கள், ஊற்றினார்கள், நகர முடியாமல் நின்றார்கள். குழி தளும்பியது.

"இப்படி ஊத்துனா அழுவிப்போவும்" என்றாள் முத்துப்பேச்சி கம்மிய தொண்டையில்.

"அப்பம் விடச் சொல்லுட்டி! எனக்கு மீட்டிங் இருக்கு!" என்றார் சேர்மன்.

ஞானதிரவியம் சார் செருமினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "அதான் சார் யோசிச்சேன். இவளுக்கு டி.சி. குடுத்து அனுப்பிட்டா, தண்ணி போதுமா போதாதான்னு தெனமும் அதுகிட்ட யாரு கேட்டுச் சொல்லுவா? நீங்க இங்கயே நின்னுறுவிய. எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல."

சேர்மன் தன் கால்களைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார், அவரும் நின்றார். வேறு வழி தெரியவில்லை.

"கேளு தாயி" என்றார். அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி குந்தி உட்கார்ந்தாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். தண்டில் காதை வைத்து, வெயில் ஏற ஏற, சேர்மனின் வழுக்கையில் வேர்வை முத்து முத்தாக வந்து இறங்கி மூக்கு நுனியில் தொங்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, அதுவரை நொச்சிக்குறிச்சியில் யாரும் கேட்டிராத, ஈரமும் கரகரப்பும் கலந்த ஒரு குரலில் சொன்னாள்:

"இன்னைக்குப் போதும். நாளைக்குக் காலையில, வெயிலுக்கு முன்ன. ஆளுக்கு ஒரு செம்பு. வரும்போது ஆளுக்கொரு கல்லையும் பேத்துட்டுப் போங்க."

கால்கள் விட்டுக்கொடுத்தன. எல்லாரும் விறுவிறுவென்று கலைந்தார்கள். போகிற போக்கில் சேர்மன் குனிந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு சாம்பல் நிறக் கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

"ஏட்டி, நெசமாவே அது பேசுச்சா?" என்று உச்சிமாகாளி அவள் காதோரம் கேட்டான். புங்கங்கன்று எப்படிப் பேசும் என்று தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே கிடையாது. அது முத்துப்பேச்சிக்கு நன்றாகவே தெரியும்.